லாரி ஓட்டப் போகிறவருக்கு முதல் முதலாளி: எதைப் பார்த்துச் சேர்வது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஓட்டுநர் கிடைக்காமல் நிற்கும் லாரிகள் இன்று சாதாரணம். பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதை ஓட்டுநர்களே விரும்புவதில்லை. அதையும் மீறிக் கனரக உரிமம் எடுத்துவிட்டு வரும் இளைஞனுக்கு வேலை கிடைப்பது கடினமில்லை. இரண்டு மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்துவிடும். எந்த இடத்தில் சேர்வது என்று கேட்டால் மட்டும் ‘எங்க சம்பளம் அதிகமோ அங்க போ’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. அந்தப் பதில் போதாது. அதை நம்பிச் சேர்ந்து, ஓராண்டுக்குள் கடனோடும் வழக்கோடும் தொழிலை விட்டவர்கள் ஏராளம்.

லாரித் தொழிலில் ஐந்து நட்டங்கள் எந்த ஓட்டுநரையும் விடுவதில்லை: தாமதம், பழுது, அபராதம், சரக்குக் குறைவு, விபத்து. எவ்வளவு கெட்டிக்காரரானாலும் எப்போதாவது இவற்றைச் சந்தித்தே ஆக வேண்டும். அப்போது நட்டம் யார் தலையில் விழுகிறது? தன் தொழிலின் நட்டத்தைத் தானே சுமப்பவர் நல்ல முதலாளி. அதை ஓட்டுநரின் சம்பளத்திலும் தூக்கத்திலும் உரிமத்திலும் கழித்துக்கொள்பவர் எவ்வளவு சம்பளம் சொன்னாலும் நல்ல முதலாளி ஆகமாட்டார். சம்பளம், வேலை நேரம், வண்டி, விபத்து, கடன் என ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே இங்கே பார்க்கிறோம்.

கிளீனர் போன பிறகு

ஒரு தலைமுறைக்கு முன்பு லாரித் தொழிலில் நுழையும் வழி வேறு. பையன் கிளீனராக ஏறுவான். தார்ப்பாய் கட்டவும், கயிறு இழுக்கவும், டயரைத் தட்டிப் பார்க்கவும், டிரைவர் தூங்காமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கவும் பழகுவான். சில ஆண்டுகள் கழித்து, ஆளில்லாத சாலையில் டிரைவர் ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பார். நல்ல டிரைவரிடம் சேர்ந்தவனுக்கு நல்ல பழக்கம் வந்தது. முரடனிடம் சேர்ந்தவன் முரடனானான். எப்படியோ, தனியாக வண்டி எடுக்கும் நாளுக்குள் மலைப்பாதை இறக்கத்தில் எந்த கியர் என்பது அவன் கைக்குத் தெரிந்திருக்கும்.

இன்று பெரும்பாலான லாரிகளில் கிளீனர் இல்லை. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்பட்ட இடம் அதுதான். தேசிய பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றிருந்த விதியும் 2018-ல் தளர்த்தப்பட்டது. ஆகவே புதிய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றதை வைத்துக்கொண்டு, பல லட்சம் ரூபாய் வண்டியோடும் அதற்கு மேல் மதிப்புள்ள சரக்கோடும் ஒற்றை ஆளாகக் கிளம்புகிறார். முன்பு மூத்த டிரைவர் செய்த வேலையை இப்போது முதலாளிதான் செய்தாக வேண்டும். புதியவரைச் சில டிரிப்புகளாவது அனுபவசாலியோடு சேர்த்து அனுப்பும் இடமா, முதல் நாளே சாவியைக் கையில் கொடுத்து ‘நாக்பூர் லோடு, கிளம்பு’ என்னும் இடமா என்பதைக் கொண்டே பாதி முடிவெடுத்துவிடலாம்.

உரிமத்தைப் பொறுத்தவரை, சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டது. போக்குவரத்து வாகன உரிமம் இப்போது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். சமையல் எரிவாயு, பெட்ரோல், ரசாயனம் போன்ற அபாயகரமான சரக்கை ஏற்ற 3 நாள் தனிப் பயிற்சி பெற்று, அதற்கான மேற்குறிப்பை உரிமத்தில் வாங்க வேண்டும். நாமக்கல்லில் அசோக் லேலண்டு நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையம் போன்றவற்றில் முறையாகப் பயின்று வருவோரை நல்ல நிறுவனங்கள் கேட்டு எடுக்கின்றன. ‘எந்த ஸ்கூல்ல படிச்சே, எத்தனை நாள் ஓட்டினே’ என்று ஓட்டுநரைத் துருவிக் கேட்கும் முதலாளியைக் கண்டு எரிச்சல்பட வேண்டாம். ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டுபவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

முதலாளிகளில் எத்தனை வகை

இந்தியாவில் லாரிகளில் பெரும்பகுதி ஐந்து வண்டிக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுடையது. நாமக்கல் வட்டாரத்தில் இவர்களில் பலர் முன்னாள் ஓட்டுநர்கள். இவர்களிடம் நேரடியாகப் பேசலாம். வண்டியின் நாடித் துடிப்பு இவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஒரு துன்பமென்றால் இரவென்றும் பாராமல் வந்து நிற்பவரும் உண்டு. குறை, பணப்புழக்கத்தில் இருக்கிறது. லோடுக்குப் புக்கிங் ஏஜெண்டுகளை நம்பியிருப்பதால் வாடகை எப்போது வரும் என்பது அவர்களுக்கே உறுதியில்லை. மாதத் தவணை கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது அந்த அழுத்தம் ஓட்டுநர் மீது இறங்குகிறது.

அடுத்தது இருபது முதல் நூறு வண்டி வரை வைத்திருக்கும் நடுத்தர நிறுவனங்கள். சொந்த புக்கிங் ஆபீஸ், சொந்தப் பட்டறை, கணக்குப் பிள்ளை என்று ஓர் ஒழுங்கு இங்கே இருக்கும். சிமென்ட் ஆலை, உருக்காலை, வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றோடு ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனங்களில் லோடு தடையின்றிக் கிடைக்கும். பதிலுக்கு நேரக் கெடுபிடி உண்டு. ஜி.பி.எஸ். கருவி ஒவ்வொரு நிறுத்தத்தையும் பதிவு செய்யும். தாமதத்துக்கு வாடிக்கையாளர் விதிக்கும் பிடித்தத்தை நிறுவனம் தானே ஏற்கிறதா, ஓட்டுநருக்குத் தள்ளிவிடுகிறதா என்பதை இங்கே கேட்டே ஆக வேண்டும்.

புல்லட் டேங்கர் எனப்படும் எரிவாயு லாரிகள் நாமக்கல்லின் தனி அடையாளம். எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஓடுவதால் வண்டியின் தரம், ஓட்டுநரின் தகுதி, பாதுகாப்புச் சோதனை எல்லாம் மற்ற லாரிகளைவிடக் கறாராக இருக்கும். ஆனால் 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் கவிழ்ந்து வெடித்த டேங்கர் 20 உயிர்களைக் குடித்தது. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவோடு ஒரு டேங்கர் கவிழ்ந்தபோது நகரமே நடுங்கியது. புதியவர் கற்றுக்கொள்ளும் இடம் இது அல்ல. சில ஆண்டுகள் வேறு வண்டி ஓட்டிவிட்டு வரலாம்.

சென்னை, எண்ணூர், தூத்துக்குடி துறைமுகங்களைச் சுற்றி ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களில் தூரம் குறைவு, காத்திருப்பு அதிகம். பார்சல் சர்வீஸில் வழித்தடம் நிலையானது. ஆனால் வேலை முழுக்க இரவில். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பருவம் தொடங்கினால் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருக்கும். அங்கே ஓட்டுநர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் குழுவில் ஒருவர். நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை ஏற்றும் வண்டிகள், கோழித்தீவன வண்டிகள், பால் வண்டிகள் ஆகியவற்றில் வருமானம் குறைவென்றாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். கை பழகும் காலத்துக்கு இத்தகைய குறுந்தூர வேலை பெரிதும் ஏற்றது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகத்தான் போகிறது. வடக்கே போகும் ஆசை எப்போது வேண்டுமானாலும் நிறைவேறும். அதற்கு அவசரம் வேண்டாம்.

சம்பளத்தைப் படிப்பது எப்படி

ஓட்டுநருக்குப் பணம் தரும் முறைகள் மூன்று. மாதச் சம்பளமும் ஓடும் நாளுக்குப் பேட்டா என்னும் பயணப்படியும் தருவது ஒன்று. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசுவது இரண்டு. வாடகையில் பங்கு தருவது, அல்லது ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து டீசல், சுங்கம், வழிச்செலவு போக மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வது மூன்று. முதல் முறையிலிருந்து மூன்றாவதை நோக்கிப் போகப் போக, நட்டத்தின் சுமை முதலாளியிடமிருந்து ஓட்டுநருக்கு நகர்கிறது.

கணக்குக்காக ஓர் உதாரணம். ஒருவர் டிரிப்புக்கு 9,000 ரூபாய், மாதம் மூன்று டிரிப் என்கிறார், 27,000 வருகிறது. இன்னொருவர் மாதம் 18,000 சம்பளமும் ஓடும் நாளுக்கு 300 பேட்டாவும் தருகிறார். 25 நாள் ஓடினால் 25,500. முதலாமவர்தான் அதிகம் தருவதாகத் தெரியும். ஆனால் இறக்குமிடத்தில் நான்கு நாள், திரும்பு லோடுக்கு ஐந்து நாள் என்று வண்டி நின்றுவிட்ட மாதத்தில் இரண்டே டிரிப்தான் முடியும், கைக்கு 18,000. இரண்டாமவரிடம் அதே மாதத்தில் 16 நாள் ஓடியிருந்தாலும் 22,800 கிடைக்கும். லாரித் தொழிலில் நல்ல மாதம் எத்தனை, மந்த மாதம் எத்தனை என்று அங்கே ஓட்டும் பழைய ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

காத்திருப்புக்குக் கூலி உண்டா என்பது அடுத்த கேள்வி. குறித்த நேரத்தில் சரக்கை இறக்காத கம்பெனியிடம் ஹால்டிங் தொகை வசூலிக்கும் வழக்கம் உண்டு. அதில் ஓட்டுநருக்குப் பங்கு தருபவர், காத்திருப்பும் வேலைதான் என்று ஒப்புக்கொண்டவர்.

டீசலுக்கு மைலேஜ் இலக்கு வைப்பது எங்கும் உள்ள பழக்கம். மிச்சப்படுத்தினால் ஊக்கத்தொகை தரும் இடம் நல்லது. பாரம், ஏற்றம், ஏ.சி. எதையும் கணக்கில் கொள்ளாமல் ஒரே இலக்கை வைத்து, குறைந்தால் பிடித்தம் செய்யும் இடத்தில் ஒவ்வொரு மாதமும் சண்டைதான். சுங்கக் கட்டணத்தில் ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமான பிறகு ஓட்டுநர் கையில் ரொக்கம் சுமக்கும் தொல்லை பெருமளவு குறைந்தது. ஆனால் வழியில் கேட்கப்படும் மாமூல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர் ஆகியவை இன்னும் ரொக்கமாகத்தான் போகின்றன. ரசீது இல்லாத இந்தச் செலவுகளைக் கணக்கில் எழுத விடுகிறாரா, ‘பில் எங்கே’ என்று கேட்டு ஓட்டுநரின் பையிலிருந்து கழிக்கிறாரா என்பதில் முதலாளியின் குணம் தெரிந்துவிடும்.

பேட்டாவில் ஒரு கண்ணி உண்டு. புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. சம்பளத்தைக் குறைவாக எழுதி, மிச்சத்தைப் பேட்டாவாகத் தருவது வசதியான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் வருங்கால வைப்பு நிதிக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் பயணப்படி கணக்கில் வராது. தொழிலாளர் இழப்பீட்டு விதிப்படி, பணியில் இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்கி இழப்பீடு தரப்படும். ஊதியத்துக்கு 2020 முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு. 25 வயதுக்குரிய எண் 216.91. பதிவில் 8,000 ரூபாய் என்றிருந்தால் குடும்பத்துக்கு ஏறத்தாழ 8.7 லட்சம் கிடைக்கும். 15,000 என்றிருந்தால் ஏறத்தாழ 16.3 லட்சம். ஓட்டியது ஒரே வண்டி, ஒரே சாலை. பதிவேட்டில் எழுதிய எண் மட்டும் வேறு.

தூக்கம் யாருடைய கணக்கில்

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தூர வழித்தடங்களில் 10 மணி, 54 மணி வரை அனுமதித்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு, வார விடுமுறை, மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று எல்லாமே அதில் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்தச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது.

சாலையில் நடப்பது வேறு. சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் லாரி ஓட்டுநர்களிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், களைப்போ தூக்கமோ இருக்கும்போதும் வண்டி ஓட்டுவதாக ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். இது ஓட்டுநரின் ஒழுக்கக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்று நாள் ஓட்டத்துக்கு இரண்டு நாள் கெடு வைத்தால் தூக்கத்தைத்தான் விற்க வேண்டியிருக்கும். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் 64,105 விபத்துகளோடு தமிழ்நாட்டுக்கு.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2014-ல் தொடங்கிய ரிவிகோ நிறுவனம் அஞ்சல் ஓட்டம் போல ஓட்டுநரை மாற்றி மாற்றி வண்டியை ஓட்டியது. ஒருவர் சில மணி நேரம் ஓட்டி அடுத்த நிலையத்தில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, எதிர்த்திசையில் வரும் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார். செலவு மிகுந்த ஏற்பாடு அது; அந்நிறுவனத்தின் விரைவுச் சரக்குப் பிரிவை 2022-ல் மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியது. ஆனாலும் வண்டி நிற்காமல் ஓட மனிதன் தூங்காமல் இருக்கத் தேவையில்லை என்பதை அது செய்து காட்டியது.

எல்லா முதலாளியும் அப்படிச் செய்ய முடியாது. நெடுந்தூர வண்டிக்கு இரண்டாவது ஓட்டுநர் தரலாம். பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை வண்டியை ஓரங்கட்டச் சொல்லலாம். ‘தூக்கம் வருதுங்க, நிறுத்திட்டேன்’ என்று போன் செய்தால் ‘சரி, தூங்கி எழுந்து கிளம்பு’ என்று சொல்லலாம். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை. அதைக்கூடச் சொல்லாதவரிடம் புதியவர் சேரக் கூடாது. வீட்டு விடுப்பும் இதே கணக்கில் சேரும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை நாள் என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். லாரி ஓட்டுநருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் ஊரில், மாதத்தில் நான்கு நாள் உறுதியாக வீட்டில் இருப்பேன் என்று சொல்ல முடிவது பெரிய விஷயம்.

வண்டியும் பாரமும்

சேர்வதற்கு முன் ஓட்டப்போகும் வண்டியை ஒருமுறை சுற்றி வர வேண்டும். டயரின் பட்டன், பிரேக், ஹேண்ட் பிரேக், விளக்குகள், பின்புற ஒளிர்பட்டை, கண்ணாடி, கேபின் படுக்கை எல்லாவற்றையும் பார்ப்பதில் தவறில்லை. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எதுவரை செல்லும் என்பது தெரியும். எட்டு ஆண்டு வரை உள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அது காலாவதியான வண்டியை ஓட்டினால் சாலையில் மாட்டிக்கொள்பவர் ஓட்டுநர். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். ஆகவே புதிய வண்டி வாங்கும் நிறுவனங்களில் இந்த வசதியை எதிர்பார்க்கலாம். டீசல் செலவைக் காட்டி அதைப் போடவிடாமல் தடுக்கிறார்களா என்பதையும் கேட்டுவைக்கலாம்.

ஓவர்லோடில்தான் முதலாளியின் லாபமும் ஓட்டுநரின் ஆபத்தும் நேருக்கு நேர் மோதுகின்றன. 2018-ல் அரசே அச்சு எடை வரம்பை உயர்த்தி, மிகப் பெரிய டிரெய்லர்களுக்கு 49 டன்னாக இருந்த மொத்த எடையை 55 டன் ஆக்கியது. அதற்கும் மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று 2019 திருத்தம் சொல்கிறது. பணத்தை முதலாளி கட்டிவிடலாம். உரிமம் ஓட்டுநருடையது. ஓவர்லோடு, அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், ஓட்டும்போது செல்போன் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-ல் அறிவுறுத்தியது. உரிமம் முடங்கிய மூன்று மாதத்துக்கு யார் சோறு போடுவார்? ஏற்றுமிடத்தில் எடை மிகுந்தால் ‘ஏத்த வேண்டாம், நான் கம்பெனிக்குப் பேசிக்கிறேன்’ என்று சொல்லும் முதலாளி இருக்கிறாரா என்று தேடிப் பார்த்துச் சேர வேண்டும்.

விபத்து நடந்த அன்று

முதலாளியின் முழு உருவமும் தெரியும் நாள் அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதையும் காவல்துறைக்குத் தகவல் தருவதையும் ஓட்டுநரின் கடமையாக்குகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை இருந்தால் அதற்கு விலக்கும் தருகிறது. விபத்தில் உயிரிழப்பு ஏற்படுத்தித் தகவல் தராமல் தப்பியோடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரி தொடக்கத்தில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓட்டுநர்களை உறுத்தியது தண்டனையின் நீளம் மட்டும் இல்லை. வெளிமாநிலத்தில், மொழி தெரியாத காவல் நிலையத்தில், தனக்காகப் பேச ஒருவரும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும் என்ற அச்சம் அதில் பெரும்பங்கு.

ஆகவே நான்கு கேள்விகள். விபத்து நடந்தால் யாரை அழைக்க வேண்டும், அந்த ஆள் இரவிலும் போனை எடுப்பாரா? ஜாமீன், வக்கீல் செலவு யாருடையது? வழக்கு முடியும் வரை வாய்தாவுக்குப் போய்வரும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? கட்டாய இன்சூரன்ஸில் ஓட்டுநருக்கான சட்டப்பொறுப்பு அடங்கும். அதற்கு மேல் ஓட்டுநர் பெயரில் தனி விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறாரா? இந்த நான்குக்கும் தயங்காமல் பதில் சொல்பவர் ஏற்கெனவே ஒரு விபத்தில் தன் ஓட்டுநரோடு நின்றவராகத்தான் இருப்பார்.

சரக்குக் குறைந்தாலும் இதே நியாயம்தான். மூட்டை எண்ணிக்கையைச் சரிபார்த்து ஓட்டுநர் கையெழுத்திட்ட இடத்தில் குறைவுக்கு அவரைக் கேட்கலாம். சீல் வைத்த கன்டெய்னருக்குள் குறைந்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? மொத்தமாகப் பிடித்தம் செய்யும் பழக்கம் உள்ள இடத்தை விட்டு விலகுவதே நல்லது.

அட்வான்ஸ், உரிமம், பதிவு

சேரும்போதே பெரிய தொகையை அட்வான்ஸாகத் தருபவரைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருக்கும். தங்கையின் கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன் என்று தேவையும் இருக்கும். ஆனால் அந்தக் கடன் தீரும் வரை வேறிடம் போக முடியாது, சம்பளம் உயராது, கெடு நியாயமற்றது என்று வாய் திறக்க முடியாது. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பதை 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. அவசியமென்றால் ஓரிரு மாதச் சம்பளத்துக்கு மிகாமல் வாங்கி, எழுதிக் கையெழுத்திட்டு, மாதம் எவ்வளவு கழியும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உரிமத்தின் அசலை முதலாளியிடம் ஒப்படைக்கக் கூடாது. நகல் போதும். அசலைக் கேட்பவர், ஓட்டுநர் தன்னை விட்டுப் போய்விடுவார் என்று முதல் நாளே பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கும்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப்., பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. புதிய சட்டத் தொகுப்பு எல்லாப் பணியாளருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. சிறு முதலாளியிடம் இவை இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்போருக்கும் என்று தனி நலவாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொள்வது ஓட்டுநரின் கையில்தான் உள்ளது. சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும் என்று கேளுங்கள். நாளை இழப்பீட்டு வழக்கிலோ வீட்டுக் கடனிலோ அதுவே சான்று.

முதலாளியின் பக்கம்

முதலாளிகள் அனைவரும் ஓட்டுநரைச் சுரண்டத் துடிப்பவர்கள் என்று எழுதினால் அது பொய். ஒரு டிரிப்பின் செலவில் டீசலே பெரும்பங்கு. அதோடு சுங்கம், டயர், இன்சூரன்ஸ், தவணை. வாடகையோ போட்டியால் ஏற மறுக்கிறது; அதுவும் பல வாரம் கழித்துத்தான் கைக்கு வருகிறது. ஓட்டுநர் டீசலை விற்றதும், வண்டியை நடுவழியில் விட்டுப் போனதும், அட்வான்ஸோடு மறைந்ததும் நடந்த கதைகள்தாம். ஆனால் இந்த நெருக்கடிக்கு ஓட்டுநரைக் கசக்குவது தீர்வாகவில்லை என்பதற்கு, ஆள் கிடைக்காமல் நிற்கும் வண்டிகளே சாட்சி. கணக்கைச் சுத்தமாக முடிப்பவரிடம் ஓட்டுநர்கள் ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறார்கள். வண்டியும் குறைவாகவே பழுதாகிறது.

விசாரிக்கும் முறை

முதலாளியிடம் கேட்பதற்கு முன் அவருடைய ஓட்டுநர்களிடம் கேட்க வேண்டும். பட்டறையிலோ பெட்ரோல் பங்கிலோ நிற்கும் மூத்த டிரைவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ‘ஏனுங்கண்ணா, டிரிப் முடிஞ்சா கணக்கு எப்ப முடிப்பாங்க? வண்டி நின்னா என்ன குடுப்பாங்க? கடைசியா ஆக்சிடென்ட் ஆன டிரைவருக்கு என்ன பண்ணுனாங்க?’ என்று கேட்டால் போதும். எந்த விளம்பரமும் சொல்லாததை அவர் சொல்வார். அங்கே மூன்று ஆண்டுக்கு மேல் ஓட்டுபவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாருமே புதுமுகம் என்றால் காரணம் இருக்கிறது. சேர்ந்த பிறகும் ஒவ்வொரு டிரிப்புக்கும் தேதி, கிலோமீட்டர், டீசல், செலவு, வரவு ஆகியவற்றைச் சொந்த நோட்டில் எழுதிவையுங்கள். செல்போனில் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

எந்த வகை முதலாளி சிறந்தவர் என்று ஒற்றைச் சொல்லில் சொல்ல முடியாது. ஒரே வண்டி வைத்திருப்பவரிடமும் நியாயம் கிடைக்கலாம். நூறு வண்டி நிறுவனத்திலும் அது கிடைக்காமல் போகலாம். ஆனால் முதல் இரண்டு ஆண்டுக்கு என் தீர்ப்பு தெளிவானது. அனுபவசாலியோடு சேர்த்து அனுப்பும் இடம், எஃப்.சி.யும் டயரும் பிரேக்கும் சரியாக உள்ள வண்டி, நிலையான மாதச் சம்பளம், தூங்க அனுமதி, ஓவர்லோடு இல்லாமை, விபத்தில் கூட நிற்கும் பெயர், அசல் உரிமம் உங்கள் பையிலேயே இருப்பது: இவை இருந்தால் மாதம் ஐயாயிரம் ரூபாய் குறைந்தாலும் அங்கேயே சேருங்கள். இவற்றில் தூக்கமும் பிரேக்கும் மட்டும் பேரத்துக்கு உரியவை அல்ல. அந்த இரண்டில் குறை வைக்கும் முதலாளி எவ்வளவு தந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஓட்டுநர் தட்டுப்பாடுள்ள இந்தக் காலத்தில், அந்த உரிமை முன்னெப்போதையும்விட உங்களிடம் அதிகமாக இருக்கிறது.